இழுக்கும் பலமும் இருக்கும் இடமும்

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த ‘பிரதிபா காவேரி’ எண்ணெய்க் கப்பலின் நங்கூரம் பிடிப்பு விட்டது. காற்று தள்ள, அது எலியட்ஸ் கடற்கரையருகே வந்து தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். பத்து நாளுக்கு மேல் கழித்து ‘டக்’ எனப்படும் இழுவைக் கப்பல் ஒன்று அதை ஆழத்துக்கு இழுத்தது. அதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. டக் வேண்டியிருந்தது நங்கூரம் நழுவிய அந்த நேரத்தில்.

பெரிய துறைமுகத்தில் டக்குகளுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். துறைமுக டக் குட்டையானது, நின்ற இடத்தில் திரும்பும், ஐம்பது டன் அளவுக்கு இழுக்கும். ஆனால் அதன் கயிறு குட்டை. பேரலையில் இரண்டு கப்பல்களும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும்போது அது வெடுக்கென்று விறைத்து அறுந்துபோகும். ஆழ்கடல் டக்கின் பெரிய விஞ்சில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் எஃகு வடம் சுற்றியிருக்கும். நீட்டிவிட்டால் வடத்தின் நடுப்பகுதி தன் கனத்தால் கடலுக்குள் தொய்யும். அலை உலுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொய்வுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. தாழ்ந்து திறந்த பின்தளமும், வடம் தேயாமல் ஓட அங்குள்ள உருளையும் இதற்காகவே. குதிரைத்திறனை மட்டும் வைத்து டக்கை எடைபோடுவது தவறு.

ஆழ்கடல் டக் ஒன்றைக் காவலுக்கு நிறுத்தச் சொன்னால், செலவுதான் வலுவான மறுப்பு. ஆண்டெல்லாம் சும்மா நிற்கும் கப்பலுக்கு யார் பணம் தருவது? பிரிட்டன் 2011இல் தன் அவசர இழுவைக் கப்பல்களில் சிலவற்றை இதே காரணத்தால் கைவிட்டது. ஆனால் பிரான்ஸ் பட்டுத் தெரிந்துகொண்டது. 1978 மார்ச் 16 அன்று ‘அமோகோ காடிஸ்’ எண்ணெய்க் கப்பல் அதன் கரையருகே சுக்கான் பழுதாகி மிதந்தபோது ‘பசிபிக்’ என்ற ஜெர்மன் டக் வந்தது. மீட்பு ஒப்பந்தப் பேச்சில் நேரம் போனது, வடமும் அறுந்தது, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. மறு ஆண்டே ‘அபேய் ஃப்ளாந்த்ர்’ என்ற பெரிய டக்கை பிரெஸ்ட் துறைமுகத்தில் காவலுக்கு நிறுத்தினார்கள்.

இன்னொரு வாதத்தைப் பாதி ஏற்கிறேன். பிரதிபா காவேரியில் எரிபொருளும் உணவும் குறைந்திருந்தன, குற்றம் கப்பலை அப்படி விட்டவர்களுடையது என்பது அது. உண்மைதான். ஆனால் ஒழுங்காக நடத்தப்படும் கப்பலிலும் எஞ்சின் நிற்கும். சென்னைக் கடலில் ஓதம் ஏறுவதே ஒரு மீட்டர் அளவுக்குத்தான். குஜராத்தின் பாவ்நகர் போலப் பெரிய ஓதம் வந்து தூக்கிவிடும் என்று இங்கே காத்திருக்க முடியாது. தரைதட்டுவதற்கு முன்பே வடம் மாட்டியாக வேண்டும்.

ஆவடியில் டாங்கி செய்கிறோம். டாங்கிப் படையோடு பழுதானதை இழுத்துவரும் மீட்பு வண்டியும் போகும், அதை வீண்செலவு என்று யாரும் சொல்வதில்லை. அம்பத்தூர்ச் சரக்கு போய் ஏறும் கப்பல்களுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும். என் தீர்ப்பு இதுதான்: புயல் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் இடையில் ஓர் ஆழ்கடல் டக் அரசுச் செலவில் நிற்க வேண்டும். நங்கூரம் நழுவுகிறது என்ற செய்தி வந்ததும், கட்டணம் பேசாமல் வடம் மாட்டும் அதிகாரம் அதன் கேப்டனுக்குச் சட்டப்படி இருக்க வேண்டும்.