நிதானியின் விலங்கும் ஆண்டவரின் கட்டும்

பாடுகளின் நடுவே தேவனுக்கு உண்மையாயிருத்தலைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தில் வரும் நிதானியை நம்மில் பலர் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. மாயாபுரியில் அநியாயமாய் விசாரிக்கப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டு, உயிர் துறந்த அவனை விசுவாச வீரனாகச் சபைக்குமுன் நிறுத்துகிறோம். ஆனால், நெடுநாள் நோயினால் தளர்ந்தவரும், பிள்ளையைப் பறிகொடுத்தவரும், பிழைப்பை இழந்தவரும் அதே ஆலயத்தில் அமர்ந்து கேட்கின்றனர். இத்தகைய வீரம் தம்மிடம் இல்லையே என்னும் ஏக்கத்தையும் தம் பாரத்தோடு சேர்த்துச் சுமந்துகொண்டு அவர்கள் வீடு திரும்புவார்களாயின், நாம் காப்பியத்தைச் சரியாகப் படித்தோமா என்று ஆராய்வது கடமையாகிறது.

1827இல் பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய காப்பியம் 1894இல் நூலாக வெளிவந்தது. அதற்கு மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம். பிரசங்கிப்பதை விட்டுவிட உடன்படாமையால் 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் இருந்தவர் பனியன். ஆகவே மாயாபுரியின் நியாயஸ்தலம் அவருக்கு வெறுங்கற்பனையன்று.

எனினும், தமிழ்க் காப்பியம் மூலத்தின் மொழிபெயர்ப்பு அன்று. பனியனின் நூலில் பயணி சிலுவையண்டை வருகிறான். அவன் முதுகிலிருந்த சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. அக்காட்சி சுருக்கமாகவே முடிந்துவிடுகிறது. ஆண்டவரின் பாடுகள் அங்கே வரலாறாக விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, கிறிஸ்துவின் பாடுகளைக் காப்பிய விரிவோடு பாடுகிறார். ஐந்து பருவங்களுள் நிதான பருவம் இதற்குப் பின்னரே வருகிறது. இவ்வரிசையே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் எனக் கருதுகிறோம்.

அப்படலத்தில் ஆண்டவர் கட்டுண்டு நிற்பதைப் புலவர் விளக்கும் முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணவேண்டாம் என்கிறார். தம்மைப் பகைத்த மக்களுக்காக உருகும் நேசமே அவரை அகலவொட்டாமல் கட்டியதாம். 'பாசம்' என்னும் சொல் கயிற்றையும் அன்பையும் ஒருங்கே குறிப்பது தமிழின் பேறு. புலவர் அச்சொல்லைக்கொண்டே மீட்பின் மறைபொருளைத் தொட்டுவிடுகிறார்.

இதைப் படித்தபின் மாயாபுரிக்கு வருவோமாயின், நிதானி வேறொருவனாகத் தோன்றுகிறான். பனியனின் கதையில் பயணிகள் இருவரும் விலங்கிடப்பட்டுச் சந்தையில் நடத்தப்படுகிறார்கள்; அவர்களுடைய சாந்தத்தையும் பொறுமையையும் கண்டு சந்தையாரில் சிலர் அவர்கள் பக்கம் சாய்கிறார்கள். அந்தச் சாந்தம் எங்கிருந்து வந்தது? நேசத்தால் கட்டுண்டவரை முன்னரே கண்டவர்களுக்கு விடை எளிது. நிதானி தன் மனவுறுதியால் தேவனைப் பற்றிக்கொண்டவன் அல்லன், பற்றிக்கொள்ளப்பட்டவன். சிமிர்னா சபைக்கு எழுதப்பட்ட நிருபத்திலும் இதே வரிசை உண்டு. மரித்துப் பிழைத்தவராகத் தம்மை அறிவித்த பின்னரே, மரணம்வரை உண்மையாயிருக்கும்படி ஆண்டவர் கேட்கிறார் (வெளி. 2:8–10).

இதற்கு மறுப்பு எழலாம்: மாதிரியும் வேண்டாமோ? வேண்டும், ஆனால் மாதிரி மட்டும் போதாது. நிதானியின் மரணத்தை அருகிலிருந்து அறிந்த கிறிஸ்தியானே, பின்பு சந்தேகக் கோட்டையில் அவநம்பிக்கை அரக்கனிடம் சிக்கித் தற்கொலையை எண்ணுமளவுக்குச் சோர்ந்தான் எனப் பனியன் எழுதுகிறார். அங்கே அவனை விடுவித்தது தோழனின் வீரத்தைப் பற்றிய நினைவன்று. தன் மார்பிலேயே இருந்த வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல். இரத்தசாட்சியாய் மரித்தவனும், சோர்ந்து விழுந்து எழுந்தவனும் ஒரே நகரத்தைச் சேர்கிறார்கள் என்பதை நம் பிரசங்கங்கள் மறைத்துவிடலாகாது.

காப்பியத்தைப் பயன்படுத்துவதில் இரண்டு இடர்கள் உள. ஒன்று, கம்பன் நெறியில் செல்லும் செறிந்த செய்யுள் நடை. உரையின்றிப் படிக்க இயலாமையால் பலர் கதைச்சுருக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். பயணக்கதை எஞ்ச, பாடுகளின் வரலாறு விடுபடுகிறது. மற்றொன்று, உருவகத்துக்கே உரிய எல்லை. நிதானியின் வேதனை கொடியது. ஆயினும் விரைவில் முடிகிறது, உடனே விண்தேர் வருகிறது. ஆண்டுக்கணக்காய்ப் படுக்கையில் கிடப்பவருக்கோ தேர் வரத் தாமதிக்கிறது. அத்தகையோரின் உண்மைத்தன்மைக்கு நிதானியைவிட, அன்பினால் கட்டுண்டு அமைதியாய் நின்றவரே அருகில் இருக்கிறார்.

ஆகையால் போதகரும் இறையியல் மாணவரும் இரட்சணிய சரிதப் படலத்தையும் நிதானியின் வரலாற்றையும் சேர்த்தே படிக்கவும், சேர்த்தே போதிக்கவும் வேண்டுகிறோம். பாடனுபவிக்கும் விசுவாசியிடம், இன்னும் உறுதியாய்ப் பிடித்துக்கொள் என்று சொல்லுமுன், உன்னைப் பிடித்திருக்கும் கட்டு அவிழாதது என்று சொல்வதே நம் ஊழியத்தின் முதற்சொல்லாயிருக்கட்டும்.