பூண்டுச் சந்தை நோட்டீசும் ஆதிமூலத்தின் தூரிகையும்

துண்டறிக்கை வடிவமைப்பவர் முன்னோரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், தென் தமிழகத்தில் முதலில் சொல்லப்படும் பெயர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) என்பதாகவே இருக்கும். நாடகத் திரைச்சீலைகள் தீட்டிய கையால் உருவாகி, பின்னர் காலண்டர் வழியே வீட்டுச் சுவர்களில் குடியேறிய அவருடைய தெய்வங்களின் முகக்களையை யாரும் குறைத்துப் பேச இயலாது; ஆயினும் காலண்டர் ஓராண்டு முழுவதும் பார்க்கப்படுவது, துண்டறிக்கையோ கைக்கு வந்த சில நொடிகளில் கசங்கிவிடுவது என்பதால், அந்த வேலைப்பாட்டை இதற்குள் திணிப்பது அகல்விளக்குக்குத் திருவாசி பொருத்துவதாகவே முடியும்.

துண்டறிக்கைக்குரிய ஆசான் கே.எம். ஆதிமூலம் (1938–2008). காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களைக் கொண்டாடுவோர், நூல் அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் அவர் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகளை உபதொழிலாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். தமிழில் ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லாமையால், முதன்மையான சொல்லைப் பெரும்பாலும் அளவாலும் கனத்தாலுமே உயர்த்திக் காட்டுகிறார்கள். ஆதிமூலமோ சொல் முழுவதையும் ஓர் உருவமாக்கி, படத்தின் வேலையை அதனிடமே ஒப்படைத்தார்.

ஓர் எடுத்துக்காட்டு: வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு வரும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு, 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளை அது விளையும் இடத்தோடு பிணைக்கும் சட்ட உரிமை, கிடைத்தது. அதற்கொரு துண்டறிக்கை வேண்டுமெனில் மலையும் அருவியும் வணிகரின் புன்னகையும் தேவையில்லை. ‘பூண்டு’ என்ற சொல்லிலேயே வாலைச் சுழற்றும் ‘பூ’வும், பூண்டுப் பற்களைப் போல அடுத்தடுத்துச் சுழியும் ‘ண்’ணும், அந்த உருட்சியை ஒரு மூலையால் தடுத்து நிறுத்தும் ‘டு’வும் இருக்கின்றன. ‘மலை’யின் ‘லை’யை, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத் தும்பிக்கை வடிவில் எழுதினால் பழமை மணக்கும் என்பாரும் உளர், படிப்பவரை ஒரு கணம் தடுக்கும் பழமை கல்வெட்டுக்குப் பொருந்தலாம், சந்தைக்குப் பொருந்தாது.

ஆதிமூலத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, தூரிகைச் சாயல் கொண்ட கணினி எழுத்துருவைப் பயன்படுத்துவது இன்னொரு பிழை. கையால் எழுதும்போது ஒரே வரியில் வரும் இரண்டு ‘ண்’கள் இரட்டைப் பிள்ளைகளாக இருப்பதில்லை, எழுத்துருவிலோ கீறலும் மசிவும்கூட அச்சு மாறாமல் திரும்பி வந்து, பொய்யைக் காட்டிக்கொடுக்கின்றன. சமச்சீரற்ற அமைப்பை 1928இல் விதியாகவே முழங்கிய ஜெர்மானிய அச்செழுத்து வல்லுநர் யான் சிஹோல்ட், பின்னாளில் பென்குவின் நூல்களுக்கு மரபான நடுவமைப்பையே ஏற்றார் என்பதை, எவரையும் அப்படியே நகலெடுப்போர் நினைவிற்கொள்ளலாம்.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்துப் பிட் நோட்டீஸ், ரோஜா நிறத் தாளில் ஒரே மையோடு வந்தது. பெரிய மர எழுத்துகள் அச்சகத்தில் அளவாகவே இருந்தமையால், எந்தச் சொல் பெரிதாக வேண்டும் என்று அச்சுக்கோப்பவர் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. இன்று எல்லா நிறமும் எளிதாகக் கிடைப்பதால் எல்லாச் சொற்களும் கத்துகின்றன. பின்பக்கமும் பளபளப்பாக நிரம்பிவிடுவதால், பூண்டுக் கடைக்காரர் மூட்டைக் கணக்கைக் கூட்டிப் பார்க்க அதில் இடமில்லை.