பத்தமடைப் பாயும் இலங்கை ரப்பரும்

ஜொகூர் பாருவில் யோகா பாய் வாங்கி விற்கும் எனக்குச் சரக்கு இரண்டு பக்கமிருந்து வருகிறது. ரப்பர் பாய் இலங்கையிலிருந்து. கோரைப் பாயும் பருத்தி விரிப்பும் தமிழ்நாட்டிலிருந்து. சில ஆண்டுகள் இரண்டு பக்கமும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு புரிந்தது இதுதான்: இலங்கையில் பொருளைப் பற்றிக் கேட்டால் போதும். தமிழ்நாட்டில் அதைச் செய்த ஆளைப் பற்றியும் கேட்க வேண்டும்.

பால்மரம் வெட்டிப் பிழைத்த ஊரில் இருந்துகொண்டு இலங்கை ரப்பரா என்று எங்கள் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஜொகூர்த் தோட்டங்களில் பெரும்பாலும் இப்போது செம்பனைதான். மலேசியாவின் பெயர் கையுறையில் நிலைத்துவிட்டது. அதற்கே தாய்லாந்திலிருந்து பால் இறக்குகிறார்கள். இலங்கை கதை வேறு. 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. இலங்கை இன்றும் வெளிர் நிறக் கிரேப் ரப்பருக்குப் பேர்போனது. அங்கே ‘இறப்பர்’ என்று எழுதுவார்கள். விலைப்பட்டியலில் அந்த ‘இ’யைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

நான் வாங்கும் தொழிற்சாலை முதலில் ஒரு தாள் அனுப்பியது. நீளம் 183 செ.மீ., அகலம் 61, கனம் 4 மி.மீ., ஒரு பாயின் எடை, இயற்கை ரப்பர் எவ்வளவு, கலப்பு எவ்வளவு. சரக்கு வந்ததும் பத்துப் பாயைத் தராசில் வைத்தேன். எல்லாம் தாளில் இருந்தபடியே. ஆனால் தாளுக்கு வெளியே ஓர் அங்குலம் நகர மாட்டார்கள். உயரமான வாடிக்கையாளர் சிலருக்காகக் கொஞ்சம் நீளமாக இருபது பாய் கேட்டேன். இருநூறுக்குக் குறைந்து செய்வதில்லை என்று பதில் வந்தது, மரியாதையாக.

இலங்கையில் கைப்பாய் இல்லாமலில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் முஸ்லிம் பெண்கள் பன்பாய் இழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனையோலைப் பாய் உண்டு. கண்டிக்குப் பக்கத்தில் ஹெனவல கிராமத்தில் மருள் நாரில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள், அபாரமான வேலை. ஆனால் அவற்றை மொத்தமாகத் திரட்டி எனக்கு அனுப்ப ஒருவரும் அகப்படவில்லை. லக்சல என்ற அரசுக் கைவினைக் கடையில் சுற்றுலாப் பயணி வாங்கிச் சுவரில் மாட்டுவதோடு சரி.

தமிழ்நாட்டில் இது தலைகீழ். பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணையில் நெய்த பாய் நாலு கை மாறியாவது கப்பலேறிவிடும். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, ஊறவைத்து, கீறி, காயவைத்து, பருத்தி நூலைப் பாவாக ஓட்டி, கோரையை ஊடையாகக் கோத்து நெய்கிறார்கள். கீறல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயர்த்தி. பட்டுப்பாய் என்று சொல்வது அதைத்தான், துணிபோல மடியும். புவிசார் குறியீடும் உண்டு. பவானி ஜமக்காளத்துக்கும் அது உண்டு. ஆசனத்துக்கு அந்த முரட்டுப் பருத்தி நன்றாகப் பிடிக்கும்.

நீளம் கூட்ட வேண்டுமா, ஓரத்துக்குப் பச்சைக் கரை வேண்டுமா, ஐந்தே பாய் போதுமா? தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் ‘செஞ்சிரலாம்’ என்பார்கள். செய்தும் தருவார்கள். சிக்கல் அந்த நாலு கையில் இருக்கிறது. ஒரு தடவை மாதிரியாக வந்த பாய் தடவினால் வழுக்கியது, அவ்வளவு நேர்த்தி. மூன்று மாதம் கழித்து என் ஸ்கூடாய்க் கிடங்கில் கட்டைப் பிரித்தபோது ஈரச்சாக்கு வாடை. உள்ளே இருந்த பாய்களில் கரும்புள்ளி, விரலால் தேய்த்தால் மாவு மாவாக வந்தது. நாற்பதில் பதினாறு குப்பைக்குப் போயின. ஏற்றுமதி செய்தவர் தரகரைக் காட்டினார், தரகர் ஊரைக் காட்டினார். கடைசியில் நெய்த வீட்டுக்கே பேசினேன். “ஐப்பசி மழையில கோரை எப்படிக் காயும் அண்ணாச்சி? அவசரம்னாங்க, நெஞ்சு கொடுத்தோம்” என்றார் அந்த அம்மா. ஒளிக்காமல் சொன்னது அவர் ஒருவர்தான்.

இன்னொரு தொல்லை அச்சு. கேட்காமலே ‘ஓம்’ போட்டு அனுப்பிவிடுவார்கள். 2008 நவம்பரில் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம், சமயக் கூறுகள் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. வெறும் உடற்பயிற்சி என்றால் தடையில்லை என்று அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி விளக்கினார். என்னிடம் மலாய்ப் பெண்களும் வாங்குகிறார்கள். வெறும் பாய்தான் எனக்கு வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுக்கிறேன்.

ஜொகூருக்கும் பத்தமடைக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1887இல் பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி 1913இல் மலாயா வந்தார். சிரம்பான் பக்கம் தோட்ட மருத்துவமனையில் பல ஆண்டுகள், பிறகு ஜொகூரில் மருத்துவப் பணி. 1923இல் இந்தியா திரும்பி, ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரானார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். வேறு நாட்டுக்காரன் என்றால் இதை ஒவ்வொரு பாயிலும் சீட்டாக ஒட்டி விற்றிருப்பான்.

வரிக் கணக்கு இந்தியாவுக்குச் சாதகம். ஆசியான் உடன்பாடு 2010 முதலும், மலேசியாவோடு தனி உடன்பாடு 2011 ஜூலை முதலும் இருக்கின்றன. பிறப்பிடச் சான்றிதழைச் சரியாக வாங்கினால்தான் சலுகை. இலங்கையோடு அப்படி ஒன்று இல்லை. வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடிப் பெட்டிகளில் பல கொழும்பில் கப்பல் மாறித்தான் கிழக்கே வருகின்றன.

எது நல்லது என்று கேட்பவர்களிடம் இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோரை மட்டும் என்றால் டைல்ஸ் தரையில் வழுக்கும். ரப்பர் மட்டும் என்றால் ஜொகூர்ப் புழுக்கத்தில் முதுகு ஒட்டிக்கொள்ளும். கீழே ரப்பர், மேலே கோரை. ரப்பரை மட்டும் வெயிலில் காயப்போடாதீர்கள், வெடித்துவிடும்.

வாங்கி விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்த்துப் பால் குறையும். ரப்பர் பாயை அதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். கோரைப் பாயைச் சித்திரை வெயிலில் நெய்யச் சொல்லுங்கள். தீபாவளிக்குப் பிறகு நெய்த பாயை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.