காரணம் ஒன்று, தீர்ப்பு வேறொன்று

ஓரினப் பாலீர்ப்பு பிறப்போடு வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்ற கேள்வியை மேற்குலகம் நம்மேல் திணித்த புதுப் பிரச்சினையாகவே நம்மில் பலர் எழுதி வருகின்றனர். நமது மருத்துவ மரபைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

925 அளவில் மறைந்த அபூபக்ர் அர்-ராஸீ, 'உப்னா' பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். ஆணொருவன் இன்னோர் ஆணுக்குத் தன்னைக் கொடுக்க விரும்பும் நிலையை அன்றைய மருத்துவர்கள் இப்பெயரால் குறித்தனர். கரு உருவாகையில் தாய், தந்தை வித்துக்களில் எது மேலோங்குகிறது என்பதில் ராஸீ காரணம் தேடினார். ஒரு நூற்றாண்டின் பின் இப்னு ஸீனா 'அல்-கானூன்' நூலில் வேறு விதமாகச் சொன்னார். இது உடம்பிலிருந்து வருவதல்ல, எண்ணத்திலிருந்து வருவது. மருந்து கொடுக்க முயல்பவர் மடையர் என்றார். கவலை, பசி, விழிப்பு, சிறை, அடி என்பனவே அவர் சொன்ன பரிகாரம்.

இருவருமே இதை நோயாகப் பார்த்தனர். உலக சுகாதார ஸ்தாபனம் ஓரினப் பாலீர்ப்பை 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. காரணம் உடம்பு என்றதும் மருந்து வருகிறது. எண்ணம் என்றதும் பிரம்பு வருகிறது. இன்றும் அதுதான் நடக்கிறது. "கூட்டாளிமாரோட சேர்ந்து கெட்டுப் போயிட்டான்", "உம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்று சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தை யாரும் கேட்கிறதில்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெய்லி, பில்லார்ட் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஓரினப் பாலீர்ப்புள்ள ஆண்களின் ஒத்த இரட்டைச் சகோதரர்களில் 52 வீதமானோரே அவ்வாறிருந்தனர். 2019இல் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், தனியொரு 'ஜீன்' இல்லை, மரபணுக்களைக் கொண்டு ஒருவரின் நடத்தையை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது என்றனர். மரபணுக்களுக்குப் பங்குண்டு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. முதற் பாதியை மட்டும் எடுத்து "பார்த்தீர்களா, எல்லாம் வளர்ப்புத்தான்" என்று எழுதுவது நேர்மையல்ல. மரபணு அல்லாதது எல்லாம் வளர்ப்பு என்று ஆகிவிடாது. கருவறையும் அதற்குள் அடக்கம்.

ஆய்வைத் திரிக்க வேண்டிய தேவை நமக்கு ஏன்? ஷரீஅத்தின் ஹுக்ம் செயலைப் பற்றியது. உள்ளத்தில் தானாக எழும் ஈர்ப்பைப் பற்றியதல்ல என்றே உலமாக்கள் விளக்கி வந்துள்ளனர். ஒரு ஜீன் கிடைத்தால் அந்த ஹுக்ம் மாறப்போவதில்லை, கிடைக்காவிட்டால் பலப்படப் போவதுமில்லை. ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவி (ரஹ்) 'முகன்னஸ்' பற்றிப் பேசும்போது, படைப்பிலேயே பெண் சாயல் கொண்டவரையும் வேண்டுமென்றே அப்படி நடிப்பவரையும் பிரிக்கிறார். முன்னவர்மீது குற்றமில்லை, பழியுமில்லை என்கிறார். அது நடை, பேச்சு பற்றியது, பாலீர்ப்பு பற்றியதல்ல. ஆனாலும் ஒருவர் தேடிக்கொள்ளாத ஒன்றுக்காக அவரைப் பழிக்கக் கூடாது என்ற அளவுகோல் அதிலே இருக்கிறது.

வகுப்பறையில் கேலிக்குள்ளாகும் ஒரு மாணவனுக்கு நாம் முதலில் பிரயோகிக்க வேண்டிய அளவுகோலும் அதுதான். அவன் ஏன் அப்படியிருக்கிறான் என்ற ஆராய்ச்சி முடியும்வரை அவனுடைய மானம் காத்திருக்க வேண்டியதில்லை.