நிறுத்து என்றால் நிற்க வேண்டும்

ஒரு நூலக அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கெடு கடந்தும் நூலைத் திருப்பித் தராத ஒவ்வோர் உறுப்பினர் கணக்கிலும் 5 ரூபாய் அபராதம் சேர்க்கும்படி நூலகர் கணிப்பொறிக்கு ஆணையிடுகிறார். ஒரு நிமிடம் ஆகிறது, மூன்று நிமிடம் ஆகிறது, வேலை முடிந்தபாடில்லை. சலிப்புற்று, திரையில் இருக்கும் 'நிறுத்து' பொத்தானை அழுத்துகிறார். சாளரம் மூடிக்கொள்கிறது. நின்றுவிட்டது என்று நம்பி அதே ஆணையை மறுபடியும் கொடுக்கிறார். மறுநாள் உறுப்பினர்கள் வந்து சண்டைக்கு நிற்கிறார்கள். 5 ரூபாய்க்குப் பதில் 10 ரூபாய் அபராதம்!

தவறு யாருடையது? நூலகர் மீது பழி போடுவது எளிது. ஆனால் பொத்தான் சொன்னதை அவர் நம்பினார். பொத்தான் பொய் சொன்னது. மேசைக் கணிப்பொறிகளுக்குப் புரோகிராம் எழுதுவோர் இந்தச் சிறு பொத்தானை அலட்சியமாகக் கருதுவதுதான் நம் குற்றச்சாட்டு.

கேட்க ஆளில்லை

தனியாளாக மளிகைக் கடை நடத்துபவரைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கேட்ட பொருளைத் தேடி அவர் பின்கட்டுக் கிடங்குக்குள் போய்விடுகிறார். 'வேண்டாம், விடுங்கள்' என்று சொல்ல விரும்புகிறீர்கள். யாரிடம் சொல்வது? கல்லாவில் ஆளில்லை.

பல புரோகிராம்களின் நிலையும் இதுவே. திரையை வரைவது, நீங்கள் பொத்தானை அழுத்துவதைக் கவனிப்பது, தகவல் தளத்தின் விடைக்குக் காத்திருப்பது ஆகிய மூன்றையும் ஒரே 'இழை' செய்கிறது. இழை என்பது புரோகிராமுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைத் தொடர். அது விடைக்காகக் காத்து நின்றுவிட்டால் பொத்தானை அழுத்துவது யார் காதிலும் விழாது. ஏறத்தாழ 5 விநாடி இப்படிப் பேச்சுமூச்சு இல்லாமல் போனால், அந்தச் சாளரம் பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் அறிவித்துவிடும். இதற்குப் பரிகாரம் பழையது, எளியது: கல்லாவுக்கு ஓர் இழை, கிடங்குக்கு வேறோர் இழை.

காத்திருக்கும் மனிதரின் பொறுமையும் அளந்து பார்க்கப்பட்ட ஒன்றுதான். 1968இல் ராபர்ட் மில்லர் இதை ஆராய்ந்து எழுதினார். 1993இல் யாக்கோப் நீல்சன் மூன்று எல்லைகளாக அதைத் தொகுத்தார். 0.1 விநாடிக்குள் விடை வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைக் கடந்தால் கவனம் வேறு பக்கம் போய்விடும். அவ்வளவு நேரம் பிடிக்கும் வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்ற குறிப்பும், இடையில் நிறுத்தத் தெளிவான வழியும் வேண்டும் என்பது அவர் அறிவுரை.

கல்லா மூடியது, கிடங்கு ஓடுகிறது

நம் நூலகரின் பொத்தான் இந்த முதற்படியைத் தாண்டியதுதான். அழுத்தியதும் சாளரம் மூடியதே! ஆயினும் வேலை நிற்கவில்லை. ஏன்?

தகவல் தளம் பெரும்பாலும் சர்வர் என்னும் வேறொரு கணிப்பொறியில் இருக்கிறது. நீங்கள் சாளரத்தை மூடியது அதற்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ் என்னும் புகழ்பெற்ற தகவல் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் இன்னும் இருக்கிறாரா என்று அது இயல்பாக நடுவில் எட்டிப் பார்ப்பதில்லை. விடையை அனுப்ப முற்படும்போதுதான் ஆள் போய்விட்டது தெரியவரும். அபராதம் சேர்ப்பது போன்ற ஒற்றை ஆணை என்றால் அதற்குள் வேலை முடிந்து கணக்கிலும் பதிந்திருக்கும். இடையிடையே எட்டிப் பார்க்கச் செய்யும் வசதி 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதுவும் நாமாக இயக்கிவைத்தால்தான் வேலை செய்யும்.

ஆகவே சாளரத்தை மூடினால் போதாது. 'நிறுத்து' என்ற சொல் கிடங்கு வரை போய்ச் சேர வேண்டும். அதற்கு வழியில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் இணைப்பு ஏற்படும்போதே சர்வர் ஓர் எண்ணையும் ஒரு ரகசியச் சாவியையும் தருகிறது. நிறுத்த விரும்பும் புரோகிராம் இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறந்து அவ்விரண்டையும் காட்ட வேண்டும். வேலையில் இருக்கும் பகுதி, பாதகமில்லாத இடங்களில் 'நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா?' என்று பார்த்து நின்றுவிடும். மை எஸ்.க்யூ.எல். தளத்தில் வேறோர் இணைப்பிலிருந்து இன்ன எண்ணுள்ள இணைப்பின் வேலையை நிறுத்து என்று ஆணையிடலாம். எஸ்.க்யூ.லைட் தளம் புரோகிராமுக்குள்ளேயே குடியிருப்பது. மற்றோர் இழையிலிருந்து ஒரே அழைப்பில் அதை நிறுத்திவிடலாம்.

தகவல் தளம் செய்தவர்கள் மீதும் குறை இல்லாமல் இல்லை. போஸ்ட்கிரெஸுடன் வரும் இணைப்பு நூலகத்தில், மற்றப் பேச்செல்லாம் மறைகுறியாக்கிப் போனபோதும், நிறுத்தச் சொல்லும் செய்தி மட்டும் ரகசியச் சாவியோடு திறந்த அஞ்சலட்டையாகவே போய்க்கொண்டிருந்தது. 2024இல் வந்த 17ஆம் பதிப்பில்தான் இதற்கும் உறை போடும் வழி கிடைத்தது. நிறுத்துவதை எல்லோரும் கடைசி வேலையாக நினைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டாமா?

பாதியில் நிறுத்தினால் பாதிப் பேருக்கு மட்டும் அபராதம் விழுமோ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒழுங்கான தகவல் தளத்தில் ஓர் ஆணை முழுதும் நடக்கும், அல்லது சிறிதும் நடவாததுபோல் ஆகிவிடும். ஆனால் செய்ததைத் திருப்புவதற்கும் நேரம் பிடிக்கும். மை எஸ்.க்யூ.எல். பயன்படுத்தும் இன்னோ டி.பி. அமைப்பு, மாற்றிய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. பொறுமையிழந்து மின்சாரத்தை அணைத்தாலும் பயனில்லை. மறுபடி இயக்கும்போது மீதியைத் திருப்பிவிட்டுத்தான் அது ஓயும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'நிறுத்து' என்ற செய்தி போய்ச் சேர்வதற்குள் வேலையே முடிந்திருக்கலாம். அப்போது நிறுத்த எதுவும் இல்லை. அபராதம் பதிந்தது பதிந்ததுதான். ஆகவே பொத்தானை அழுத்திய கணமே 'நின்றது' என்று காட்டுவது பொய். 'நிறுத்துகிறேன்' என்று முதலில் சொல்ல வேண்டும். சர்வரின் விடை வந்தபின் 'நின்றது, எதுவும் மாறவில்லை' என்றோ, 'நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது' என்றோ சொல்ல வேண்டும். இந்த ஒரு வரி திரையில் வந்திருந்தால் நூலகர் இரண்டாம் முறை ஆணையிட்டிருக்க மாட்டார்.

'ஆணையை வேகமாக ஓடும்படி எழுதினால் போதும், நிறுத்துவானேன்?' என்பார்கள் சிலர். வேகம் நல்லதுதான். ஆனால் மனிதர் தவறு செய்வர். 20,000 நூல்களையும் 5,000 உறுப்பினர்களையும் இணைத்துப் பார்க்கும்போது, எதை எதோடு பொருத்துவது என்ற நிபந்தனையை மறந்துவிட்டால் 10 கோடி இணைகள் உருவாகும். 'குறித்த நேரம் கடந்தால் தானாக நிற்கச் செய்யலாமே?' என்பார்கள் வேறு சிலர். கடிகாரத்துக்கு வீண் வேலையும் தெரியாது, ஆண்டுக் கணக்கும் தெரியாது; இரண்டையும் ஒன்றாகவே வெட்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்பது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

மாணவ நண்பர்களே, இதை நீங்களே சோதிக்கலாம். போஸ்ட்கிரெஸ் விலையின்றிக் கிடைக்கிறது. 60 விநாடி சும்மா இருக்கச் சொல்லும் ஆணை அதில் உண்டு. நீங்கள் பயன்படுத்தும் புரோகிராமிலிருந்து அதைக் கொடுத்து, 'நிறுத்து' என்று அழுத்துங்கள். உடனே வேறோர் இணைப்பில், ஓடிக்கொண்டிருக்கும் ஆணைகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஆணை இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பொத்தான் வெறும் படம்தான். நாளை நீங்கள் புரோகிராம் எழுதும்போது, முதல் பொத்தானை வைக்குமுன் இந்தச் சோதனையை நினைவில் கொள்ளுங்கள்.