தாழ்ப்பாள் வாயை மூடியதும் கேட்ட பேஸ்

வீட்டில் சப்வூஃபர் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் நான் இப்போது கேட்கிற முதல் கேள்வி, "சைன் டோன் ஓட்டிப் பார்த்தீங்களா?" இல்லை என்று சொன்னால் அவரை லேசில் விடுவதில்லை. அநேகமாகச் செலவே இல்லாத ஒரு வேலை, ஒரு ஹாலின் ஒலியை இப்படித் தலைகீழாக மாற்றும் என்று என் காதால் கேட்டிருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்!

எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு. ஹால் 17 அடி நீளம். மூலையில் 12 அங்குல சப்வூஃபர். படத்தில் குண்டு வெடித்தால் வயிற்றில் ஒரு குத்து விழும், அது சுகம். ஆனால் கூடவே வீடு முழுக்கக் கடகடவென்று ஒரு தகரச் சத்தம் எழும்பும். இதற்கு வழி கேட்டால் எல்லோரும் சொல்வது, "அடியில் ஒரு ரப்பர் மேட் போடுங்க." மேட் நல்லதுதான், அதற்கு வருகிறேன். ஆனால் அது தடுப்பது தரை வழியாக இறங்கும் அதிர்வை மட்டும். பீரோ கதவையும் ஜன்னல் கண்ணாடியையும் ஆட்டுவது பெரும்பாலும் காற்று. சப்வூஃபரின் கூம்பு தள்ளும் காற்றழுத்தம் அறையின் ஒவ்வொரு பரப்பையும் போய்த் தட்டுகிறது. மேட் அதை என்ன செய்யும்?

அதனால்தான் சைன் டோன், சத்தம் போடும் பொருளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் ஒற்றை அதிர்வெண்ணை உண்டாக்கும் வசதி இருக்கிறது. கைபேசிச் செயலிகளும் உண்டு. மின்விசிறியை அணைத்துவிட்டு, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 வரை மெதுவாக, மிக மெதுவாக ஏற்ற வேண்டும். வழக்கமாகப் படம் பார்க்கும் ஒலியளவு போதும். ஒரே சுருதியை உரக்க நெடுநேரம் நிறுத்தி வைத்தால் வாய்ஸ் காயில் சூடேறிவிடும், அது மட்டும் கவனம். ஒருவர் லேப்டாப்பில் உட்கார வேண்டும், இன்னொருவர் காதைத் தீட்டிக்கொண்டு நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தவள் என் மகள்.

அடடா, அந்த ஒரு மணி நேரம்! ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஓர் அதிர்வெண் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. 28-இல் பரண் கதவு முனகியது. 57-க்கு வந்ததும் ஏசியின் முன்பக்கப் பிளாஸ்டிக் மூடி படபடத்தது. 70-ஐத் தாண்டியபோது பூஜை அலமாரியில் சாமி படத்தின் கண்ணாடி சட்டத்துக்குள் சிலிர்த்தது. ஒரு ஹெர்ட்ஸ் தள்ளினால் அடங்குகிறது, திருப்பினால் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

எங்களை அலையவிட்டது 42 ஹெர்ட்ஸ். சன்னமான, கூர்மையான ஒரு ஜிர்ர்ர். டிவி ஸ்டாண்டைச் சந்தேகித்தோம், சுவிட்ச் போர்டைச் சந்தேகித்தோம். மகள் கடைசியில் படுக்கையறைக் கதவில் காதை வைத்து, "அப்பா, இங்கதான்!" என்று கத்தினாள். அலுமினியத் தாழ்ப்பாள். அதன் தண்டுக்கும் அது ஓடும் வளையத்துக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் தண்டு துடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அசைவே தெரியவில்லை, விரலை வைத்தால் எறும்பு ஊர்வது போல உணர முடிந்தது. அழுத்தினால் நிசப்தம், எடுத்தால் ஜிர்ர்ர். பழைய சைக்கிள் டியூபில் விரல் நகம் அளவு ஒரு துண்டு வெட்டி வளையத்துக்குள் செருகினோம். முடிந்தது கதை.

இத்தனூண்டு தாழ்ப்பாள் அவ்வளவு பெரிய சப்வூஃபரை எப்படிக் கெடுக்கிறது? நம் காதின் அமைப்பு அப்படி. 31.5 ஹெர்ட்ஸ் ஒலி நமக்குக் கேட்கத் தொடங்கவே ஏறக்குறைய 60 டெசிபல் வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் பூஜ்ய டெசிபலுக்கும் கீழே கேட்கும். தாழ்ப்பாளின் ஜிர்ர்ர் காது கூர்மையாக இருக்கிற அந்த மேல் பகுதியில் வந்து விழுகிறது. இன்னொன்று, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் தாழ்ப்பாளின் திசையை உடனே சொல்லிவிடும். சத்தம் போடும் பொருள்களை அடக்கிய பிறகு எங்கள் சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பேஸ் அறை முழுக்க நிறைந்து நிற்கிறது!

பரண் கதவுக்குக் காந்தப் பிடிப்பான், ஜன்னல் சட்டத்துக்கு ரப்பர் பீடிங், படத்தின் பின்பக்க மூலைகளுக்கு ஃபெல்ட், ஏசி மூடியின் ஓரத்துக்கு ஃபோம் டேப். பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே எல்லாம் கிடைத்தது.

33 ஹெர்ட்ஸ் மட்டும் வேறு ரகம். அங்கே ஒன்றல்ல, வீடே எழுந்து ஆடியது. காரணம் அறையின் நீளம். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் ஒத்ததிர்வு கிடைக்கும். 17 அடிக்கு அது 33 சொச்சம். மூலையில் வைத்த சப்வூஃபர் இதை இன்னும் தூண்டிவிடும். அதனால் பெட்டியைச் சுவரின் நடுப்பக்கமாக நகர்த்தினோம், ஈக்வலைசரில் அந்த ஓர் இடத்தில் மட்டும் 6 டெசிபல் குறைத்தோம். 6 டெசிபல் என்றால் அந்த அதிர்வெண்ணுக்கு ஆம்ப்ளிஃபையர் தரும் சக்தி கால்வாசியாகிறது. ஆட்டம் அடங்கியது, பேஸ் குறைந்ததாகத் தோன்றவே இல்லை. வீங்கியிருந்தது வடிந்தது, அவ்வளவுதான்.

இப்போது மேட். கீழ் வீட்டில் வயதான மாமி இருக்கிறார், கான்கிரீட் தளம் வழியாக நடுக்கம் இறங்கக்கூடாது. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அடியில் வைக்கும் ஸ்பிரிங் பெட்டியின் எடையில் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8. அந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேல்தான் தடுப்பு தொடங்கும். ஆகவே அமுங்காத கெட்டி ரப்பரை எத்தனை தடிமனாக வாங்கினாலும் பயனில்லை. கூர் ஆணிக் கால்களோ அதிர்வை நேரே தரைக்குக் கடத்திவிடும். பெட்டியின் எடைக்கேற்ற மெத்தென்ற கால்களை மாற்றியபின் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அந்த நடுக்கத்தைக் காணோம். காற்று வழியாகப் போவது கொஞ்சம் போகத்தான் செய்யும். அதற்கு இரவு பத்து மணிக்குமேல் ஒலியைக் குறைப்பதுதான் மரியாதை.

தியேட்டர்காரர்களே இதில் திண்டாடியிருக்கிறார்கள். 1974-இல் 'எர்த்குவேக்' படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் 'சென்சரவுண்ட்' என்ற பிரம்மாண்டமான பேஸ் முறையைக் கொண்டுவந்தது. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரையின் காரை உதிர, அதைத் தாங்கக் கீழே வலை கட்டினார்கள். நமக்கு ஃபெல்ட் துண்டோடு போயிற்று!

'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) படத்தின் தொடக்கத்தில், நிறுவனச் சின்னம் வரும்போதே ஒரு தாழ்ந்த ஒலி அடிவயிற்றைப் பிசையும். உலகெங்கும் பேஸ் பிரியர்கள் சோதித்துப் பார்க்கும் இடம் அது. இப்போது எங்கள் ஹாலில் அது இருட்டு போலச் சுத்தமாக வருகிறது, ஒரு கண்ணாடிகூட வாய் திறப்பதில்லை. ஆனால் என்னைச் சொக்கவைத்தது கச்சேரிப் பதிவுதான். மிருதங்கத்தின் தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி வழுக்கும்போது எழும் கும்கி, முன்பு 'தொம்' என்று ஒரே மொத்தையாக விழும். இப்போது சுருதி எங்கே கிளம்பி எங்கே ஏறி நிற்கிறது என்று கடைசி இழை வரை கேட்கிறது. தனி ஆவர்த்தனங்களாகத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரும் சேனலை மாற்றச் சொல்லவில்லை.

அடுத்து இரண்டாவது சப்வூஃபர். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே இரண்டை வைத்தால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது வெகுவாகக் குறையும் என்று ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி ஆராய்ந்து காட்டியிருக்கிறார். வாங்கி வைத்த அன்றே டோனை மறுபடி 20-இல் தொடங்கி ஓட்ட வேண்டும். மகள் இப்போதே சமையலறைப் பாத்திர அலமாரியைக் குறித்து வைத்திருக்கிறாள்.