ஜிம் றீவ்ஸ்: தாழ்ந்த குரலும் ஒலிவாங்கியும்

மேலைத்தேய ஜனரஞ்சக இசை பற்றிய மதிப்பீடுகளில் ஜிம் றீவ்ஸ் இருவேறு வகையாக நோக்கப்படுவதுண்டு. அமெரிக்கக் கிராமியச் சூழலில் வேர்கொண்ட 'கன்ட்றி' இசையை நகரத்தார் சுவைக்கேற்ப மெருகூட்டி அதன் உயிர்ப்பைக் குன்றச் செய்தவர் என்பர் ஒரு சாரார். இனிய குரலோன் என்ற பாராட்டோடு அமைவர் ஏனையோர். இவ்விரு கூற்றுகளும் அவரது கலையின் மையத்தைத் தொடவில்லை என்றே தோன்றுகிறது.

1923இல் ரெக்சஸ் மாநிலத்தின் பனோலாப் பகுதியிலே விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த றீவ்ஸ், பேஸ்போல் வீரராக விளங்க விழைந்து, காயமுற்று, வானொலி அறிவிப்பாளரானார். இது வெறும் வாழ்க்கைத் துணுக்கன்று. சொல்லைச் சிதைக்காது உச்சரித்தல், கூட்டத்தை நோக்கியன்றி ஒருவரை நோக்கிப் பேசுதல் ஆகிய பழக்கங்கள் அத்தொழில் தந்தவை எனலாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட நம் நாட்டிலும் அவரது கிறிஸ்மஸ் பாடல்கள் பரவியமைக்கு இத்தெளிவும் ஒரு காரணமாகலாம்.

ஆயின் 1953இல் அவருக்குப் புகழீட்டிய 'மெக்சிக்கன் ஜோ' உரத்த குரலில் அமைந்த துள்ளற்பாடலே. 1957இல் செற் அற்கின்ஸின் தயாரிப்பில் வெளிவந்த 'ஃபோர் வோல்ஸ்' என்னும் பாடலில்தான் அவர் ஒலிவாங்கியை அணுகி நின்று குரலைத் தாழ்த்திப் பாடினார். எல்விஸ் பிறெஸ்லியின் எழுச்சியாற் கன்ட்றி இசையின் சந்தை தளர்ந்திருந்த காலம் அது. பிடிலும் ஸ்டீல் கிற்றாரும் பின்தள்ளப்பட்டு, மென்மையான பின்னணிக் குரல்கள் இடம்பெற்ற 'நாஷ்வில் பாணி' அச்சூழலில் உருப்பெற்றது. வணிக நோக்கம் இதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. அப்பாணியில் வந்த பலரது பாடல்கள் வெறும் சர்க்கரைப் பாகாகவே முடிந்தன என்பதும் உண்மையே.

எனினும் 1959இன் இறுதியில் வெளிவந்த 'ஹீல் ஹாவ் ரு கோ' என்ற பாடலை நோக்குக. காதலியின் அருகே வேறொருவன் இருப்பதை அறிந்த ஒருவன் அவளோடு தொலைபேசியிற் பேசும் கூற்றாக அது அமைந்துள்ளது. உரத்துப் பேச இயலாத நிலை அவனது. எனவே தாழ்ந்த குரல் இங்கு அலங்காரமன்று. பாடலின் சூழ்நிலையே அதனை வேண்டி நிற்கிறது. ஒலிவாங்கி தொலைபேசியின் வாய்ப்புறமாகிறது. நாட்டுப்பாடல் வரிசையில் 14 வாரங்கள் முதலிடத்தையும், 1960இல் பொது வரிசையில் இரண்டாமிடத்தையும் அது பெற்றது. பழைய உரத்த பாணியில் இப்பாடலைக் கற்பனை செய்தலே அரிது.

1964 யூலை 31இல், தாமே செலுத்திய சிறுவிமானம் இடிமழையிற் சிக்கி நாஷ்விலுக்கு அண்மையில் வீழ்ந்ததால் றீவ்ஸ் காலமானார். அவரது தொழில்வாழ்வோ தொடர்ந்தது. விட்டுச்சென்ற பதிவொன்றுக்கு இசை சேர்த்து 1966இல் வெளியிட்ட 'டிஸ்ரன்ற் டிறம்ஸ்' பிரித்தானியாவில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. இதனையேனும் ஏற்கலாம், அக்குரல் தனித்தே பாடியது.

1981இல் நிகழ்ந்தது வேறு. அவரது குரலும், 1963இல் விமான விபத்திலேயே மறைந்த பற்சி கிளைனின் குரலும் பழைய பதிவுகளினின்று பிரித்தெடுக்கப்பட்டு, ஒருபோதும் இணைந்து ஒலிப்பதிவு செய்திராத அவ்விருவரது 'இணைப்பாடலாக' வெளிவந்தன. இழைத்த திறமை வியக்கத்தக்கதே. ஆனால் எதிரே ஒருவர் கேட்கிறார் என்ற உணர்வின்மேல் எழுந்த கலை றீவ்ஸுடையது. இவ்விசைத்தட்டிலோ அவர் கிளைனைக் கேட்கவில்லை; கிளைனும் அவரைக் கேட்கவில்லை.